எண் இட்ட கடிதங்கள்

இந்தப் பட்டமளிப்பு விழாவின் அறிமுகத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பாதியையேனும் என் மனைவி ஒப்புக்கொள்வாளாயின் பாக்கியசாலியாவேன்.

நான் தொழிலால் புள்ளியியல் ஆசிரியன். எண்ணக்கூடிய பொருள்களிலேயே ஆயுளைக் கழித்தவன். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970-ல் நிறுவிய தொண்டர் அமைப்பின் வழியாக, 1992-ல் கல்லூரியில் விடுப்புப் பெற்றுக்கொண்டு கம்போடியாவுக்குப் போனேன். பல தேசங்களிலிருந்து வந்த நானூறுக்கும் மேற்பட்ட தேர்தல் தொண்டர்களில் நானும் ஒருவன். கம்போங் தொம் மாகாணத்தில் ஒரு மாவட்டம் என் பொறுப்பு. ஏறத்தாழ 47 லட்சம் மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்தோம். 1993 மே மாதத்தில் அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். இவ்வெண்களை மேடைதோறும் பெருமையோடு சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் என் மாவட்டத்தில் அந்தப் பதிவு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் சில கடிதங்கள். ஆனால் மாணவப் பருவத்தில் நான் கடிதம் எழுதுவதில் மகா சோம்பேறி. மாதந்தோறும் தந்தையார் அனுப்பும் மணியார்டரின் கூப்பனில், சேதி எழுதுவதற்கென்று விடப்பட்டிருக்கும் இரண்டு விரற்கடை இடத்தில், கிணற்றில் ஊற்றுக் கண்டதையும், சிவப்பி என்னும் எங்கள் பசு கன்று ஈன்றதையும், பணத்தைப் பார்த்துச் செலவழிக்க வேண்டியதையும் நெருக்கி நெருக்கி எழுதியிருப்பார். நான் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கூப்பனை விடுதி வாசலிலேயே கிழித்து எறிந்துவிடுவேன். அவற்றில் ஒன்றையாவது வைத்திருந்தால் இன்று இந்தப் பொன்னாடைக்குப் பதிலாக அதைப் போர்த்திக்கொள்ளத் துணிவேன்.

கம்போங் தொமில் தபால் என்பது, தலைநகர் நோம் பென்னிலிருந்து வரும் வாகனத்தின் தயவைப் பொறுத்தது. என் அன்னையாருக்கு எழுதத் தெரியாது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதுவிப்பார். ஒரு நாள், 'அப்பாவுக்கு இப்போது தேவலை, கஞ்சி குடிக்கிறார்' என்று ஒரு கடிதம் வந்தது. அவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிவிக்கும் முந்திய கடிதமோ அதற்குப்பின் 19 நாள் கழித்து வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் நான் பட்ட பாட்டைக் கேள்வியுற்ற அன்னையார், இனி ஒவ்வொரு கடிதத்துக்கும் தலைப்பில் எண் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். புள்ளியியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

நான் குடியிருந்த வீட்டுக்காரியை ஊரார் 'யாய்' என்பார்கள். கெமர் மொழியில் அதற்குப் பாட்டி என்று பொருள். நம் பழந்தமிழில் யாய் என்றால் தாய். இதிலிருந்து மொழி ஆராய்ச்சி எதுவும் செய்ய எனக்கு அருகதையில்லை; கேட்டபோது காது குளிர்ந்தது, அவ்வளவுதான். நாணயத்தையும் தபாலையும் ஒழித்துக்கட்டிய பொல் பாட்டின் ஆட்சியில், 1975-க்கும் 1979-க்கும் இடையே, கணவனையும் இரு மகன்களையும், எந்த ஊரில் எந்த நாளில் என்றுகூட அறிய வகையின்றி இழந்தவள் அவள். எனக்குக் கடிதம் வரும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். சிவப்பியின் பேத்திக்கு மடி வீங்கியதையும், முருங்கை மரத்தால் இரு வீடுகளுக்கிடையே மூண்ட கலகத்தையும், அப்பாவின் கஞ்சியையும் என் குறைக் கெமரில் அவளுக்குச் சொல்வேன். மறுநாள் அது ஊர் முழுவதும் பரவியிருக்கும். பெயரை எழுதிக்கொள்வோரைக் கண்டு நடுங்கக் காரணமிருந்த அந்த ஜனங்கள், என் பதிவு மேசைக்கு வந்ததும், 'உன் அப்பா சோறு சாப்பிட்டாரா?' என்று கேட்டுவிட்டே தம் பெயரைச் சொன்னார்கள். தேர்தல் அதிகாரியை அவர்கள் நம்பவில்லை. யாரோ ஒரு நோயாளியின் மகனை நம்பினார்கள்.

1993 ஏப்ரல் 8-ஆம் நாள், எங்கள் மாகாணத்திலேயே, ஜப்பானியத் தொண்டரான அட்சுஹிட்டோ நகாட்டா, 25 வயது இளைஞர், தம் கம்போடிய மொழிபெயர்ப்பாளருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்போங் தொமில் ஒரு தொண்டர் மாண்டார் என்பதை என் தந்தையார் வானொலியில் கேட்டார். பெயர் காதில் விழவில்லை. என் தந்தி போய்ச் சேரும் வரையில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. ஒசாகாப் பக்கத்திலிருந்த நகாட்டாவின் வீட்டுக்கு மகன் வரவில்லை. அந்தப் புதல்வனின் தந்தையார் தம் உத்தியோகத்தைத் துறந்து, அதே தொண்டர் அமைப்பின் கௌரவத் தூதராகிப் பல ஆண்டுகள் தேசம் தேசமாகச் சென்று தொண்டின் பெருமையைப் பேசிவந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் என் வாய் அடைத்துப் போகிறது.

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, நீங்கள் வீட்டாரோடு தினமும் பத்துத் தடவை கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். 'என்ன விசேஷம்?' என்று வீட்டார் கேட்கிறார்கள், 'ஒன்றுமில்லை' என்கிறீர்கள். அந்த ஒன்றுமில்லாததைச் சொல்லுங்கள் ஐயா! அயல்நாட்டில் மாலையானதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டாரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் தொண்டர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் இருந்த ஊரிலும் இல்லை, பிறந்த ஊரிலும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது.

துணைவேந்தர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்; ஒன்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், கம்போங் தொமிலிருந்து நான் எழுதியிருந்த 27-ஆம் எண் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன், அன்னையார் கொடுக்கவில்லை. வழக்கம்போல் அடுத்த வீட்டுப் பெண்ணை அழைத்து, திண்ணையில் என்னை எதிரே வைத்துக்கொண்டே, முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் அடியில், யாய் சொல்லி நான் எழுதிய ஒரு வரி இருந்தது: உங்கள் மகன் சோறு சாப்பிட்டுவிட்டான். அன்னையார் சற்று நேரம் பேசாதிருந்து, என் பக்கம் திரும்பாமலே அந்தப் பெண்ணிடம், "யாய்க்குப் பதில் எழுத வேண்டும், நம் கணக்கில் 31 என்று போடு" என்றார்.