மாத்திரை கொடுக்கும் நமக்கும் பரிசோதனை தேவை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரம் ஒருநாள் நம் மாணவர்களுக்கு நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். சாப்பிட்டார்களா என்று கேட்டு, நம் கண்முன்னே விழுங்க வைக்கிறோம். கொடுக்கிற நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தொடர்ந்து இரண்டு பாடவேளை நின்றால் தலை சுற்றும். பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். ‘வேலைப்பளு’ என்று நாமே காரணமும் சொல்லிக்கொள்வோம்.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் எல்லா ரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதல்ல. வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும், தலசீமியாவிலும் வரும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அது 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல், தொற்று உள்ளபோது இந்த அளவு கூடித் தெரியலாம்.

அடுத்த கேள்வி, இரும்பு ஏன் குறைந்தது என்பது. பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய், மகப்பேறு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஐம்பதைக் கடந்த ஆசிரிய நண்பர் ஒருவர் சோர்வுக்கு டானிக் மட்டுமே குடித்துவந்தார். மருத்துவர் வற்புறுத்திக் குடலைப் பரிசோதித்தபோது கட்டி தெரிந்தது. நல்லவேளை, ஆரம்ப நிலை. இன்று வகுப்பெடுக்கிறார்.

சிகிச்சை எளிது, பொறுமைதான் தேவை. மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுத்துப் போனால் பயம் வேண்டாம். அது மாத்திரையின் நிறம். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழி ஊசியும் உண்டு. அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தினமும் சாப்பிடுங்கள். ஆனால் வந்துவிட்ட குறைபாட்டைக் கீரை மட்டும் தீர்க்காது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அடுத்த கூட்டத்திற்குள் ஒவ்வொருவரும் தங்கள் அளவைத் தெரிந்துகொண்டு வாருங்கள். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை; உங்களுக்குத் தெரிந்தால் போதும்.