பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இங்கே என்னைவிட நல்லவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கம்ப்யூட்டர் பிராசஸரின் மேல் தடவுகிற பேஸ்ட்டைப் பற்றி. சிரிக்காதீங்க. நம்ம பக்கம் நல்ல சிஸ்டம் பலவற்றை 'போயிட்டு' என்று ஓரங்கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கிற காத்து உங்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் அது சாரலோடு வருகிறது. தென்காசி தாண்டிக் கிழக்கே போனால் புழுதியை வாரிக்கொண்டு போகிறது. காற்றாலைக்காரருக்கு வரம், கடைத்தெருவில் கதவைத் திறந்து போட்டிருக்கும் இ-சேவை மையத்துக்குச் சங்கடம். ஈரமும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்கிறது. சீசன் முடிந்ததும் சர்வீஸுக்கு ஒருவர் வருகிறார். ஹீட்சிங்கைக் கழற்றி, பிளோயரால் ஊதி, பளபளவென்று ஆக்கி, அப்படியே திரும்ப மாட்டிவிட்டுப் போகிறார். மறுநாளிலிருந்து சிஸ்டம் முன்னைவிட மோசம்!

காரணம் அந்த 'அப்படியே' என்ற சொல்லில் இருக்கிறது.

உலோகம் கண்ணுக்குத்தான் வழுவழுப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் கொத்திய அம்மி. அம்மியைக் கவிழ்த்து இன்னொரு அம்மி மேல் வைத்தால் தொடுகிற இடம் கொஞ்சம், மிச்சமெல்லாம் காற்று. வெப்பம் கடத்துவதில் செம்பின் எண் சுமார் 400, அலுமினியத்துக்கு 200-க்கு மேல், காற்றுக்கு வெறும் 0.026. கடையில் கிடைக்கும் பேஸ்ட் பெரும்பாலும் 1-லிருந்து 10-க்குள். ஆக, பேஸ்ட் ஒன்றும் பிரமாதமான கடத்தி இல்லை. பள்ளங்களில் இருக்கும் காற்றை விரட்டுவதுதான் அதன் உத்தியோகம். நிறையத் தடவினால் நல்லது என்று நினைப்பது அதனால்தான் தப்பு.

நம்மூர் உதாரணம் ஒன்று. பேரருவித் தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. பொங்குமாகடலில் விழுந்து, வேகம் தணிந்து, பரந்து வருகிறது. பிராசஸரின் மேல்மூடியும் அப்படித்தான். நகத்தளவு சிப்பில் பிறக்கிற 65 வாட் வெப்பத்தை அது பரப்பிக் கொடுக்கிறது. அதை ஹீட்சிங் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிற இடத்தில் காற்று புகுந்தால் எல்லாம் வீண்.

ஏற்கெனவே இருந்த பேஸ்ட் என்ன ஆகிறது? அழுத்தத்தில் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது, ஹீட்சிங்கைத் தூக்கியதும் மேடும் பள்ளமுமாகப் பிய்ந்துபோகிறது. பல வருஷமானது என்றால் எண்ணெய்ப் பசையும் வற்றியிருக்கும். சுவரொட்டியைப் பிய்த்து அதே பசையில் திரும்ப ஒட்ட முடியுமா? இன்டெல் டப்பாவோடு வரும் ஹீட்சிங்கின் அடியில் சாம்பல் நிறத்தில் தடவியே வரும் பூச்சும் ஒரு தடவைக்குத்தான்.

ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வாசலில் பத்துப் பிள்ளைகள். சிஸ்டம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணைந்துபோகிறது. "போர்டும் பிராசஸரும் போயிட்டாம்ல தம்பி, புதுசு வாங்கச் சொல்லுதாங்க" என்றார். திரையில் பார்த்தால் பிராசஸர் 100 டிகிரியைத் தொடுகிறது. அணைத்துவிட்டு ஹீட்சிங்கைத் தொட்டேன்; வெதுவெதுப்புக்கூட இல்லை. இந்தச் சோதனையை ஞாபகம் வச்சுக்கோங்க. பிராசஸர் கொதித்து, ஹீட்சிங் குளிர்ந்திருந்தால் நடுவில் தொடர்பு இல்லை. இரண்டும் சுட்டால் தூசியையும் ஃபேனையும் பாருங்கள். அங்கே பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்து, புதிதாகத் தடவி மாட்டியதும் 50-க்குள் நின்றது. பிள்ளைகள் அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டார்கள்.

செய்முறை சின்னதுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் சானிடைசர் கிடக்கிறது; அது வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், படலமாகத் தங்கிவிடும். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள். நடுவில் சிறு பட்டாணி அளவு வைத்து, ஹீட்சிங்கை நேராக இறக்குங்கள், அழுத்தமே பரப்பிவிடும். குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். இன்டெல்லின் நாலு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று பூட்டாமல் நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. போர்டின் பின்பக்கம் பார்த்து உறுதி செய்யுங்கள். பற்பசை தடவுகிற வித்தைக்காரர்களும் இருக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை வேலை செய்யும், காய்ந்தால் தீர்ந்தது.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பின்கள் பிராசஸரில் இருக்கின்றன. இறுகிய பேஸ்ட்டோடு வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஹீட்சிங்கை இடம் வலமாக லேசாகத் திருகியபின் தூக்குங்கள்.

லேப்டாப்பில் சில சிப்புகளுக்குப் பேஸ்ட் இல்லை, ரப்பர் மாதிரி பேட் இருக்கும். அங்கே இடைவெளி அதிகம். பேஸ்ட்டால் அதை நிரப்ப முடியாது. அதே கனத்தில் பேட் வாங்கிப் போடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேபில் இரண்டு பழைய சிஸ்டங்களைக் கழற்றப் போகிறோம். பேஸ்ட்டும் துணியும் நான் கொண்டுவந்திருக்கிறேன். வெள்ளை வேட்டியில் வந்திருக்கும் அண்ணன்மார்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், அந்தக் கறை லேசில் போகாது.