கோருவோர்க்கும் உண்டு கடன்



தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் தரும். திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். கடன்பட்டவர்க்கு அதைத் தீர்க்கும் கடமை உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. கேட்டு வருபவர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதுதான் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. கேட்கும் தொகை உண்மையானது என்று காட்டவேண்டியது கோருபவரின் கடன். அமெரிக்காவில் மருத்துவச் செலவின் பாக்கி வசூல் நிறுவனங்களின் கைக்குச் செல்லும்போது செய்யவேண்டியது யாது என்பதே இவ்வுரையின் பொருள். மகளின் பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பேணவும் கடல் கடந்து செல்லும் பெற்றோர்க்கு இஃது அயலார் செய்தி அன்று.

இங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் முன்பணம் கட்டுவதும், வீடு திரும்பும் நாளிலேயே கணக்கை முடிப்பதும் வழக்கம். அமெரிக்காவில் சிகிச்சை முதலில், கணக்கு பின்னர். அதுவும் ஒரே கணக்காக வருவதில்லை. மிதிவண்டியிலிருந்து விழுந்த ஒரு சிறுவனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். மருத்துவமனை ஒரு கட்டணச் சீட்டு அனுப்பும், மருத்துவர் வேறொன்று அனுப்புவார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கருத்துரைத்தவரிடமிருந்து மற்றொன்று வரும், ஆம்புலன்ஸுக்குத் தனிச்சீட்டு. இடையில் அக்குடும்பம் வீடு மாறினால் ஒரு சீட்டு பழைய முகவரிக்கே போய்விடும். காப்பீட்டு நிறுவனம் ஏதோ ஒரு குறிப்பெண் பொருந்தவில்லை என்று தொகையை மறுத்திருக்கும். மாதங்கள் பல கழிந்தபின், பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வரும். அதுவே வசூல் நிறுவனம். மருத்துவமனைக்காகப் பங்குத்தொகை பெற்று வசூலிப்பவையும் உண்டு. பாக்கியை மிகக் குறைந்த விலைக்கு வாங்கித் தமதாக்கிக்கொண்டு வசூலிப்பவையும் உண்டு.

இந்நிலை ஊதாரிகளுக்கு மட்டும் நேர்வது அன்று. 2021 ஜூன் நிலவரப்படி, கடன் வரலாற்று அறிக்கைகளில் பதிவாகியிருந்த மருத்துவக் கடன் மட்டும் 8,800 கோடி டாலர் என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022ஆம் ஆண்டு அறிவித்தது. ஆதலின் கடிதம் வந்த வீட்டில் தலைகுனிவுக்கு இடமில்லை. எனினும் மானத்துக்கு அஞ்சும் குடும்பங்களில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, பேச்சு வெளியே போகக்கூடாது என்று கணக்கைப் பாராமலே பணத்தைக் கட்டிவிடுவது. மற்றொன்று, கடிதத்தைப் பிரிக்காமலே மேசை அறையில் போட்டு மூடிவிடுவது. முன்னதில் பொருள் இழப்பு. பின்னதில் உரிமை இழப்பு.

நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம் என்று ஒரு சட்டம் அமெரிக்காவில் 1977இல் இயற்றப்பட்டது. அதன்படி வசூல் நிறுவனம் முதன்முறை தொடர்பு கொண்ட 5 நாட்களுக்குள், தொகை எவ்வளவு, யாருக்குச் சேரவேண்டியது என்ற விவரங்களைத் தெரிவிக்கவேண்டும். அவ்விவரம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுத்துச் சான்று கேட்டால், சான்று அனுப்பும் வரையில் அந்நிறுவனம் வசூல் முயற்சியை நிறுத்திவைக்கவேண்டும். தொலைபேசியில் மறுப்பது இதற்கு ஈடாகாது. கடிதம் எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்பி, நகலைப் பாதுகாக்கவேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் அழைத்தல் கூடாது. சிறைக்கு அனுப்புவோம் என்று பொய்யாக மிரட்டுதல் கூடாது. அண்டை அயலாரிடம் கடனைப் பற்றிப் பேசுதலும் கூடாது. மருத்துவமனை தானே நேரில் வசூலிக்கும்போது இச்சட்டம் பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

சான்று கேட்பதோடு, மருத்துவமனையிடம் ஒவ்வொரு இனத்தையும் பிரித்துக் காட்டும் விவரப் பட்டியலையும் கேட்டுப் பெறவேண்டும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய விளக்கச் சீட்டை அதனருகில் வைத்து வரிவரியாக ஒப்பிடவேண்டும். செய்யாத பரிசோதனைக்குக் கட்டணம், ஒரே இனம் இருமுறை பதிவாதல், காப்பீடு செலுத்திய தொகையைக் கழிக்காமை ஆகிய பிழைகள் இவ்வொப்பீட்டில்தான் வெளிப்படும். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மற்றொரு சட்டத்தின்படி, அந்நாட்டுத் தனியார் மருத்துவக் காப்பீடு உடையோரிடம், அவசர சிகிச்சை அளித்தவர் காப்பீட்டின் பட்டியலில் இல்லாதவர் என்ற காரணம் காட்டிக் கூடுதல் தொகை கேட்கலாகாது. தரைவழி ஆம்புலன்ஸுக்கு இக்காப்பு இல்லை.

கணக்கு சரியாகவே இருந்து, கட்ட இயலாத நிலையும் உண்டு. இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் வரிவிலக்குப் பெறுவதால், பொருளுதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருத்தல் சட்டப்படி கட்டாயம். முதல் கட்டணச் சீட்டு அனுப்பிய நாளிலிருந்து 120 நாட்கள் வரை வழக்குத் தொடர்தல் போன்ற கடுமையான நடவடிக்கைகளில் அவை இறங்கலாகாது. உதவி கோரும் விண்ணப்பத்தை 240 நாட்கள் வரை ஏற்கவேண்டும். வருமானத்துக்கேற்பத் தள்ளுபடியோ தவணையோ கிடைக்கலாம். கேட்பவர்க்கே கிடைக்கும். இயலாமையை உள்ளபடி சொல்வது இரத்தல் ஆகாது.

'கிரெடிட் ரிப்போர்ட்' எனப்படும் கடன் வரலாற்று அறிக்கையைப் பற்றிய அச்சம் பலரை அவசரப்படுத்துகிறது. அவ்வறிக்கையை வெளியிடும் மூன்று பெரிய நிறுவனங்கள், 2022 ஜூலை முதல், கட்டித் தீர்த்த மருத்துவக் கடனை நீக்கின. தீராத கடனையும் ஓராண்டு கழிந்த பின்னரே சேர்க்கின்றன. 2023 ஏப்ரல் முதல் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடன்களையும் விட்டுவிட்டன. மருத்துவக் கடன் அனைத்தையும் நீக்கும் விதி ஒன்றை 2025 ஜனவரியில் அரசமைப்பு கொண்டுவந்தது. அதை ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றம் செல்லாதாக்கியது. ஆக, அச்சத்துக்கு முழு விடுதலை இல்லை. ஆய்ந்து செயற்படப் போதிய காலம் உண்டு.

ஒன்றை மட்டும் ஒருநாளும் புறக்கணித்தல் கூடாது: நீதிமன்ற அழைப்பாணை. குறித்த காலத்தில் மறுமொழி தராவிடின் கோரியவர்க்குச் சார்பாகவே தீர்ப்பு வந்துவிடக்கூடும். பின்னர் ஊதியத்திலிருந்தே பிடித்தம் செய்யவும் பல மாநிலங்களில் இடமுண்டு. மிகப் பழைய கடனாயின், வழக்கிடும் கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிறுதொகை கட்டினாலும் அவ்வரம்பு சில மாநிலங்களில் புதிதாகத் தொடங்கிவிடும். எனவே சட்ட உதவி மையத்தைக் கேட்ட பின்னரே பணம் அனுப்பவேண்டும்.

பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் மூன்றைக் கருத்திற் கொள்க. பயணக் காப்பீடு முன்னரே இருந்த நோய்களை எந்த அளவுக்கு ஏற்கிறது என்பதைப் புறப்படுமுன் படித்தறிய வேண்டும். மருத்துவமனைப் படிவத்தில் கட்டணத்துக்குப் பொறுப்பேற்பவர் என்னும் இடத்தில் மகனோ மகளோ கையெழுத்திட்டால் அப்பொறுப்பு அவர்மேல் வரும் என்பதை அறிந்தே இடவேண்டும். ஊர் திரும்பிய பின்னும் அங்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

அறக்கட்டளை ஒன்றின் அவையில் சொல்லத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. கடன் வசூல் தொழிலிலேயே இருந்த இருவர் 2014இல் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினர். 'அன்டியூ மெடிக்கல் டெட்' என்பது அதன் இன்றைய பெயர். வசூல் நிறுவனங்கள் வாங்கும் அதே மலிவு விலைக்கு ஏழை நோயாளரின் கடன்களை மொத்தமாக வாங்கி, வசூலிக்காமல் அடியோடு தள்ளுபடி செய்கின்றது. ஒரு டாலர் நன்கொடை சராசரியாக நூறு டாலர் கடனைத் தீர்க்கிறது என்று அந்நிறுவனம் கூறுகிறது. நூறு டாலராக நோயாளியிடம் கேட்கப்படும் கடன், சந்தையில் ஒரு டாலருக்கே கைமாறுகிறது என்பதும் இதனால் விளங்கும்.

உண்மையான கடனைத் தீர்ப்பது அறம். உண்மைதானா என்று கேட்பதும் அறமே. அடுத்தமுறை தொலைவிலுள்ள பிள்ளைகளுடன் பேசும்போது, பிரிக்காத கடிதம் ஏதேனும் வீட்டில் உள்ளதா என்று பெற்றோர் கேட்கவேண்டும். கடிந்து கேட்டால் மறைப்பர். கனிந்து கேட்டால் பிரித்துப் படிப்பர். முப்பது நாள் கெடு கடந்துவிடுவதற்குள் அவர்கள் அதைப் படித்தாக வேண்டும்.