அமெரிக்காவில் ஒரு மரணம்: கவுண்டி ஆஃபீஸில் டெத் சர்ட்டிஃபிகேட் வாங்குவது எப்படி

இந்த வாரம் கோட், கரியர், இன்டர்வியூ எதுவும் இல்லை. யாரும் முன்கூட்டியே கேட்க விரும்பாத ஒரு டாபிக். ஆனா தேவைப்படும்போது உட்கார்ந்து தேடுற நிலைமையில யாரும் இருக்க மாட்டோம். அதனால இப்பவே ஒரு தடவை காதுல போட்டு வச்சுக்கோங்க.

நான் இருக்கிறது கலிஃபோர்னியா, பே ஏரியா. நான் சொல்றது எல்லாம் இந்த மாநில நடைமுறை. டெக்சாஸ், நியூஜெர்சி நண்பர்களுக்கு விதியும் கட்டணமும் வேற, ஆனா ஓட்டம் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

ஒரு நண்பனோட அப்பா, விசிட்டர் விசாவுல வந்தவர், இங்கேயே தவறிட்டார். நாங்க நாலஞ்சு பேர் கூட ஓடினோம். அப்போ எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: "உடலை ஊருக்குக் கொண்டு போறோமே, சர்ட்டிஃபிகேட்டை நம்ம ஊர் பேரூராட்சியிலயே வாங்கிக்கலாமே?" முடியாது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. தகனம் தஞ்சாவூர்ல நடந்தாலும் சரி, காகிதம் இந்தக் கவுண்டியிலிருந்துதான் வரணும்.

இதுலயே அடுத்த குழப்பம், எந்தக் கவுண்டி? வீடு ஃப்ரீமான்ட்ல இருக்கு, அது அலமேடா கவுண்டி. ஆனா ஆஸ்பத்திரி பாலோ ஆல்ட்டோவில இருந்தா அது சான்டா கிளாரா கவுண்டி. உயிர் பிரிஞ்ச இடம் எந்தக் கவுண்டியோ, அங்கேதான் விண்ணப்பிக்கணும். வீட்டு அட்ரஸ் இதுல கணக்கே இல்லை.

அந்தக் கவுண்டிக்குள்ளயும் இரண்டு ஆஃபீஸ் இருக்கும். பல கவுண்டிகள்ல நடப்பு வருஷம், முந்தின வருஷம் நடந்த இறப்புகள் பொது சுகாதாரத் துறையோட வைட்டல் ரெக்கார்ட்ஸ் பிரிவுல இருக்கும். பழசு எல்லாம் கிளார்க்-ரெக்கார்டர் ஆஃபீஸ். போறதுக்கு முன்னாடி கவுண்டி வெப்சைட்ல எந்த வருஷத்துக்கு யார்னு பார்த்துக்கோங்க. சாக்ரமென்டோவில இருக்கிற மாநில சுகாதாரத் துறையிலயும் வாங்கலாம். ஆனா அவசரத்துக்கு கவுண்டிதான் வேகம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். நாம எல்லாரும் கவுண்டி கவுன்ட்டரைப் பத்திதான் கவலைப்படுவோம். என்னைக் கேட்டா அங்கே பெரிசா ஒண்ணும் இல்லை. விஷயம் முடிவாகிறது அதுக்கு முன்னாடி, ஃப்யூனரல் ஹோம்ல. இறப்புக்கான காரணத்தை டாக்டர் 15 மணி நேரத்துக்குள்ள எழுதித் தரணும்ங்கிறது இங்க சட்டம். மத்த விவரம் அத்தனையும், பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், படிப்பு, வேலை எல்லாமே ஃப்யூனரல் ஹோம் ஆள் குடும்பத்தைக் கேட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துவார். 8 நாளுக்குள்ள கவுண்டியில பதிவாகணும். பதிவான பிறகு நீங்க கவுன்ட்டர்ல வாங்குறது அதோட பிரின்ட் மட்டும்தான்.

அப்போ அந்த ஃப்யூனரல் ஹோம் டேபிள்ல யார் உட்கார்ந்திருப்பா? ரெண்டு நாளா தூங்காத மகன். அல்லது பேச்சே வராத மனைவி. அவங்ககிட்ட "லாஸ்ட் நேம் என்ன"ன்னு கேட்பாங்க.

நம்ம ஊர் ஆட்களுக்கு லாஸ்ட் நேம் ஏது? பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி இருக்கும், எல்.ஐ.சி. பாலிசியில இனிஷியலோட இருக்கும், பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் கடைசியில போயிருக்கும், பட்டாவில வேற ஸ்பெல்லிங். அமெரிக்க ஃபார்ம் இதையெல்லாம் ஃபர்ஸ்ட், மிடில், லாஸ்ட்னு மூணு கட்டத்துக்குள்ள அடைக்கப் பார்க்கும். என் நண்பன் கேஸ்ல அப்பா பெயரும் தாத்தா பெயரும் இடம் மாறிப் பதிவாகிடுச்சு. அதாவது காகிதப்படி இறந்தது தாத்தா! ஏற்கெனவே எப்பவோ இறந்துபோன தாத்தா. கேட்க சிரிப்பா இருக்கும். ஊர்ல பேங்க் மேனேஜர் சிரிக்க மாட்டார்.

அதனால மூணு விஷயம். பாஸ்போர்ட்டைக் கையில வச்சு, அதுல இருக்கிற எழுத்தை அப்படியே சொல்லுங்க. ரெண்டாவது, கலிஃபோர்னியா ஃபார்ம்ல 'ஏ.கே.ஏ.'ன்னு ஒரு கட்டம் இருக்கு, வேற எந்தப் பெயர்ல எல்லாம் அறியப்பட்டார்னு எழுதுற இடம். நம்ம ஆட்களுக்காகவே வச்ச மாதிரி இருக்கும். பாஸ்புக்ல 'ஆர். சுப்ரமணியன்', பாஸ்போர்ட்ல 'சுப்ரமணியன் ராமசாமி'ன்னா, பாஸ்புக் பெயரை அங்கே போடச் சொல்லுங்க. மூணாவது, பதிவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டிராஃப்ட்டைக் காட்டச் சொல்லுங்க. அதைப் படிக்க வேண்டியது துக்கத்துல இருக்கிறவர் இல்லை, கூட வந்த நண்பர். நாலு பேர் ஆறுதல் சொல்லலாம், அஞ்சாவது ஆள் ஸ்பெல்லிங் பார்க்கட்டும்.

அம்மாவோட பிறந்த வீட்டுப் பெயர்னும் ஒரு கட்டம் வரும். பாட்டிக்கு ஒரே பெயர்தான் இருந்திருக்கும். பாட்டியோட அப்பா பெயரை லாஸ்ட் நேமா கொடுத்தாங்க எங்க கேஸ்ல. விசிட்டரா வந்தவர்னா வழக்கமான வசிப்பிடம்ங்கிற இடத்துல இந்திய விலாசம் போகணும், மகன் வீட்டு விலாசம் இல்லை.

பதிவான பிறகு தப்பு தெரிஞ்சா? திருத்தலாம். விஎஸ் 24ன்னு ஒரு உறுதிமொழிப் படிவம், விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேர் கையெழுத்து, அப்புறம் வாரக்கணக்குல காத்திருப்பு. இன்னொண்ணு, திருத்தினா பழைய பக்கம் மறையாது. தப்பான பக்கம் அப்படியே இருக்கும், திருத்தம் அடுத்த பக்கமா சேரும். கிட்ல கமிட் ஹிஸ்டரி மாதிரின்னு வச்சுக்கோங்க. நமக்கு அது புரியும், ஊர் தாலுகா ஆஃபீஸ்ல "ஏன் ரெண்டு பேர் இருக்கு"ன்னு கேட்பாங்க.

அடுத்து, யார் வாங்கலாம். ரெண்டு வகை காப்பி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட காப்பி ஒண்ணு. இன்னொண்ணு தகவலுக்கு மட்டும், அதுல அடையாளத்தை நிரூபிக்க இது செல்லாதுன்னு குறுக்கே அச்சடிச்சிருக்கும். இன்ஷூரன்ஸ், பேங்க் எதுக்கும் முதல் வகைதான் வேணும். அதை வாங்கத் தகுதி உள்ளவங்க பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, உடன்பிறந்தவங்க, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைங்க, எஸ்டேட்டைக் கவனிக்கிற வக்கீல், இப்படி ஒரு லிஸ்ட். நம்ம வீட்டுல இந்த மாதிரி நேரத்துல முன்னாடி நிக்கிற தாய்மாமா, சித்தப்பா, மருமகன், மச்சான் யாரும் அந்த லிஸ்ட்ல இல்லை! மாமனாருக்காக மருமகன் லீவ் போட்டு வரிசையில நின்னாலும் மகள் கையெழுத்து போட்டாத்தான் நடக்கும்.

பொய் சொன்னா தண்டனைன்னு தெரிஞ்சேதான் சொல்றேன்னு ஒரு உறுதிமொழி கேட்பாங்க. நேர்ல போனா ஐடி காட்டி அங்கேயே கையெழுத்து. தபால்ல அனுப்பினா நோட்டரி வேணும். பிள்ளைங்க எல்லாம் இந்தியாவில இருந்தா, தகுதி உள்ளவங்க சார்பா ஃப்யூனரல் ஹோமே ஆர்டர் பண்ணலாம், சட்டத்துல இடம் இருக்கு. நேரா அவங்ககிட்டயே கேட்டுடுங்க.

எத்தனை காப்பி? காப்பி ஒண்ணுக்கு 20 டாலருக்கு மேல ஆகும், அதனால எல்லாரும் ரெண்டு போதும்னு ஆரம்பிப்பாங்க. இங்கேயே வேலை பார்த்தவர்னா ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, 401கே, பேங்க், வீடு, கார்னு தனித்தனியா ஒரிஜினல் கேட்பாங்க. எட்டுலேருந்து பத்து வாங்குங்க. விசிட்டர்னா நாலஞ்சு போதும். ஒரு எச்சரிக்கை: மரண விசாரணை அதிகாரி கைக்குப் போன கேஸ்னா முதல் சர்ட்டிஃபிகேட்ல காரணம் 'நிலுவையில்'னு வரலாம். அதை வச்சு இறுதிச் சடங்கு நடத்தலாம், ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனி இறுதிக் காரணம் வர்ற வரை காத்திருக்கச் சொல்ல வாய்ப்பு உண்டு. அந்த மாதிரின்னா பாதி காப்பியை அப்புறம் வாங்குங்க.

கடைசியா இந்தியாவுக்கு. உடலோ அஸ்தியோ கொண்டு போக இந்தியத் தூதரகத்துக்கு இந்த சர்ட்டிஃபிகேட் வேணும், பாஸ்போர்ட்டை ரத்து பண்ணவும் வேணும். ஊர்ல வாரிசுச் சான்றிதழ், பேங்க், நிலம்னு போகும்போது அப்போஸ்டில் கேட்பாங்க. அமெரிக்காவும் இந்தியாவும் ரெண்டுமே அந்த ஹேக் ஒப்பந்தத்துல இருக்கு, இந்தியா 2005லேருந்து. கலிஃபோர்னியாவில மாநிலச் செயலர் ஆஃபீஸ்தான் தருது, சாக்ரமென்டோவிலயும் லாஸ் ஏஞ்சலஸ்லயும், ஒரு ஆவணத்துக்கு 20 டாலர். நேர்ல போனா கூட 6 டாலர்.

இதுல ஒரு கண்ணி. சுகாதாரத் துறையில வாங்கின காப்பியில சுகாதார அதிகாரி கையெழுத்து இருக்கும். பெரும்பாலும் அதை மாநில ஆஃபீஸ் நேரா ஏத்துக்காது. அந்தக் கையெழுத்து உண்மைன்னு கவுண்டி கிளார்க் முதல்ல சான்று தரணும், அதுக்கு அப்புறம்தான் அப்போஸ்டில். இது தெரியாம நேரா சாக்ரமென்டோவுக்கு ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய்த் திரும்பினவங்க உண்டு. கிளார்க்-ரெக்கார்டர் தந்த காப்பின்னா இந்தச் சுத்து இல்லை.

அப்போஸ்டில் ஆன காப்பி ரெண்டாவது வச்சுக்கோங்க. சேர்த்து வச்ச ஸ்டேப்பிளை ஸ்கேன் பண்றதுக்காகக்கூட பிரிக்காதீங்க, லேமினேட் பண்ணாதீங்க. ஊர்ல எந்த ஆஃபீஸ்லயும் ஒரிஜினலைக் காட்டிட்டு, சான்றொப்பமிட்ட நகலைக் கொடுத்துட்டு, ஒரிஜினலைக் கையோட வாங்கிட்டு வாங்க. இன்னும் நாலு ஆஃபீஸ் பாக்கி இருக்கும்.