வெயிலுக்கு இசைந்த வாழ்வு



வெயிலைப் பற்றித் தமிழருக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நாம் எண்ணுவது இயல்பு. அக்கினி நட்சத்திரத்தில் வளர்ந்த நமக்குப் புனேயின் கோடை ஒரு பொருட்டா என்று கேட்பவரும் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரி மலைத்தொடருக்குக் கிழக்கே அமைந்த அந்நகரம் இதமான ஊர் என்று பெயர் பெற்றது. ஆயினும் எல்லா ஊர் வெயிலும் ஒரே தன்மையது அன்று. ஓர் ஊரில் உடலும் வீடும் கற்ற பாடம் மற்றோர் ஊரில் அப்படியே செல்லாது. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்றவர்கள் இதை அறிந்திருப்பது அவர்தம் உயிருக்கே காப்பாகும்.

முதலில் உடலைப் பார்ப்போம். மனித உடலின் உட்புற வெப்பம் செல்சியஸ் அளவில் ஏறக்குறைய 37 பாகை. நாம் சும்மா அமர்ந்திருக்கும் போதும், நூறு வாட் மின்விளக்கு ஒன்று வெளிவிடும் அளவுக்கு வெப்பம் உடலில் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேறியாக வேண்டும். தோலின் வெப்பம் வெயில் நாளில் சுமார் 35 பாகை. சுற்றியுள்ள காற்று அதனினும் குளிர்ந்திருக்கும் வரையில் வெப்பம் தானே வெளியேறும். காற்று அந்த அளவைக் கடந்து சூடேறினால் எஞ்சி நிற்கும் வழி வியர்வை ஒன்றே. அதுவும் வழிந்து சொட்டினால் பயனில்லை, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் அதனோடு போய்விடும். இதற்கென நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன.

இந்த ஆற்றல் பழக்கத்தால் வளர்வது. நாள்தோறும் சிறிது நேரம் வெப்பத்தில் உழைப்பவருக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் உடல் திருந்தி அமைகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, மிகுதியாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயம் முன்போல் படபடப்பதில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், நிலத்தின் ஆழத்தில் நிலவும் வெப்பத்தால் தொழிலாளர்கள் மாண்டதைக் கண்டு, 1930-களில் புதியவர்களைப் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பழக்கம் விட்டுப்போனால் சில வாரங்களிலேயே இந்தப் பேறும் நீங்கிவிடும். ஆண்டு முழுவதும் குளிரூட்டிய அறையில் பணிபுரிந்தவர், தாம் வேலூரில் பிறந்தவர் என்ற துணிவில் நண்பகல் வெயிலில் இறங்குவது தகாது.

பிறந்த ஊருக்கும் ஓரளவு பங்கு உண்டு. வெப்ப நாட்டில் வளர்ந்த ஜப்பானியருக்கு, வயது வந்த பின் அங்கே குடியேறிய ஜப்பானியரைவிடச் செயற்படும் வியர்வைச் சுரப்பிகள் மிகுதி என்று யாஸ் கூனோ என்னும் ஜப்பானிய உடலியல் அறிஞர் கண்டார். எத்தனை சுரப்பிகள் செயற்படும் என்பது குழந்தையின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. அந்த அளவில் நாம் பிறந்த மண்ணை உடலிலேயே சுமந்து செல்கிறோம். மற்றவற்றைச் சென்ற இடத்தில்தான் கற்க வேண்டும்.

கற்க வேண்டியது என்ன? இரு நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். புனேயின் சிவாஜிநகரில் ‘சிம்லா ஆபீஸ்’ என்று மக்கள் அழைக்கும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து அங்கே வந்ததால் அமைந்த பெயர் அது. தலைமையகம் பின்னர் டில்லிக்குச் சென்றுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. சிவாஜிநகரில் ஏப்ரல் மாதத்தின் சராசரிப் பகல் உச்சம் ஏறக்குறைய 38 பாகை. விடியற்காலையிலோ 20, 21 பாகைக்கு இறங்கிவிடும். சென்னையிலும் மே மாதப் பகல் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் இரவில் சராசரியாக 28 பாகையை ஒட்டியே நின்றுவிடும். பகல் ஒன்று போல் இருக்க, இரவு வேறாக இருக்கிறது. காற்றின் ஈரமும் வேறாக இருக்கிறது.

சென்னையின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் தேங்குகிறது, சட்டை நனைகிறது, நாமும் தண்ணீரைத் தேடுகிறோம். புனேயின் கோடைப் பிற்பகல் வறண்டது. அங்கே வியர்வை தோன்றியவுடன் மறைந்துவிடும். “இங்கே வேர்ப்பதே இல்லை” என்று நம்மவர் மகிழும் நேரத்தில் உடலின் நீர் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருத்தல் அங்கே ஆபத்து.

வீடுகளும் இந்த வேற்றுமையை அறிந்தே எழுந்தன. தமிழகக் கடற்கரை வீடு காற்றை வரவேற்பது. திண்ணை, நேருக்கு நேரான வாயில்கள், நடுமுற்றம் ஆகிய யாவும் காற்றை உள்ளே நடமாட விடுவதற்காக அமைந்தவை. புனேயின் பழைய ‘வாடா’ என்னும் பெருவீட்டிலும் முற்றம் உண்டு. ஆனால் கருங்கல் அடித்தளமும், செங்கல்லும் மண்ணும் கொண்ட தடித்த சுவர்களும் பகல் வெயிலை மணிக்கணக்கில் வெளியே நிறுத்திவைக்கும். அவ்வெப்பம் சுவரைக் கடந்து வருவதற்குள் இரவின் குளிர் வந்துவிடும். 1807-இல் இரண்டாம் பாஜிராவ் எழுப்பிய விஸ்ராம்பாக் வாடாவை இன்றும் காணலாம். பகலில் சன்னலைச் சாத்தி, இரவில் திறப்பதே அவ்வூரின் முறை. பகலெல்லாம் சன்னலைத் திறந்துவைக்கும் நமது வழக்கம் அங்கே அனலை அழைத்து வருவதாகும்.

மண்பானையும் வியர்வையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாவதால் பானை குளிர்கிறது. வறண்ட புனேயில் பானை நீர் சென்னையைவிட நன்றாகவே குளிரும். வெட்டிவேர்த் தட்டியும், நீரில் நனைந்த மெத்தை வழியே காற்றை ஊதும் கூலர் பொறியும் அவ்வாறே. ஈரம் மிகுந்த சென்னையில் அப்பொறி புழுக்கத்தையே பெருக்கும்.

உடல் இரண்டு வாரங்களில் கற்றதைச் சில வாரங்களில் மறந்துவிடும். மறவாதிருக்கச் சமூகம் கண்ட வழி பண்டிகை. சைத்திர மாதத்தில் மராட்டியப் பெண்கள் கௌரியை அலங்கரித்து, அண்டை வீட்டாரை அழைத்து மஞ்சள் குங்குமம் தருவார்கள். அப்போது வழங்குவன, வெந்த மாங்காயை வெல்லத்துடன் கரைத்த ‘பன்ஹே’ என்னும் பானமும், ஊறவைத்து அரைத்த கடலைப் பருப்பில் மாங்காய் சேர்த்த ‘ஆம்பே டாள்’ என்னும் உணவும். அதே பருவத்தில் ஸ்ரீராம நவமியன்று நம் இல்லங்களில் பானகம், நீர்மோர், கோசுமல்லி வழங்கி விசிறியும் தானம் செய்கிறோம். கோடையின் வாயிலில் நீரும் வெல்லமும் உப்பும் எல்லோருக்கும் சென்று சேர இரு மக்களும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடுகள் இன்று சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றன. 2019 ஏப்ரல் 28 அன்று சிவாஜிநகரில் 43 பாகை பதிவாயிற்று. 1897-க்குப் பின் அங்கே ஏப்ரலில் கண்ட மிக உயர்ந்த அளவு அது. வாடாக்கள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுத் தளம் இரவில் அனலைக் கக்கும்போது, புனேயின் குளிர்ந்த இரவு வீட்டிற்குள் நுழைவதில்லை. அந்த அடுக்குமாடிகளைக் கட்டுவோரோ வெயிலிலேயே நிற்கிறார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில், திறந்தவெளி விழா ஒன்றில் வெயிலில் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் உயிரிழந்தனர். ஆமதாபாத் நகரம் 2010-ஆம் ஆண்டுக் கோடையில் பலரைப் பறிகொடுத்த பின், 2013-இல் வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. முன்கூட்டி எச்சரித்தல், மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்தல், குடிநீர் வழங்கல் ஆகியவை அதில் அடங்கும். பண்டிகை செய்துவந்த பணியை இனி நகராட்சியும் ஏற்க வேண்டியிருக்கிறது.

வெளியூர் சென்ற நேயர்கள் செய்யத்தக்கவை சில. கோடையின் தொடக்கத்தில் இரண்டு வாரம் வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உங்களிடம் வேலை செய்வோருக்கும் அந்த அவகாசம் கொடுங்கள். நண்பகலில் அவர்களை நிழலில் அமர்த்துங்கள். வியர்வை தெரியாவிட்டாலும் தண்ணீர் அருந்துங்கள். சைத்திரத்தில் அண்டை வீட்டு அம்மையார் பன்ஹே கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். ராம நவமியன்று உங்கள் வீட்டு நீர்மோர் அவர் வீட்டுக்குப் போகட்டும்.