திண்ணையில் காத்திருக்கும் அம்மாவுக்கு

கலைச் சிகிச்சை என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1942-இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோயில் படுத்த படுக்கையாக இருந்தபோது படம் வரைந்து தேறியவர். அன்றிலிருந்து நோயாளியைப் பற்றியே பேசுகிறோம். நான் பேச வந்தது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி.

நம் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரையும், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையையும் ஒரே பெண் பார்த்துக்கொள்கிறார். சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

கலைச் சிகிச்சை படிக்கிறவர்களுக்குக் களப்பயிற்சி உண்டு. அவர்களை இங்கே அனுப்புங்கள் என்கிறேன். வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சி நடக்கிறது. பிள்ளை உள்ளே, அம்மா வெளியே திண்ணையில். அந்த நேரம் போதும்.

என்ன கொடுப்பது? இப்போது எங்கே பார்த்தாலும் மண்டலா வண்ணப் புத்தகம். எனக்கு அது பிடிக்கவில்லை. கோட்டைத் தாண்டாமல் நிரப்பு என்று அதுவும் ஒரு வேலைதான் வைக்கிறது. மருந்து வேளை, சோற்று வேளை என்று ஓடுகிறவருக்கு இன்னொரு வேலை எதற்கு? களிமண் கொடுங்கள். பென்சிலைக் கண்டு கூசுகிற கை மண்ணைக் கண்டு கூசாது. அமுக்கினால் எதிர்த்து நிற்கும். தண்ணீர் தெளித்தால் மறுபடி இளகும். கெட்டுப்போகுமே என்ற பயமில்லை.

நான் களிமண் கொடுத்த ஒரு தாய் முதல் நாள் சின்னச் சின்ன உருண்டையாகவே உருட்டி அடுக்கினார். பிள்ளைக்கு ஊட்டுகிற சோற்றுக் கவளம் அளவு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரம் போனதும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஓங்கி அறைந்து, முழங்கையால் அமுக்கினார். "தோளு லேசா இருக்குதுங்க மேடம்" என்றார். அப்புறம் ஒரு வெள்ளாடு செய்தார். "கல்யாணத்துக்கு முந்தி மேய்ச்சது." பிள்ளை வெளியே வந்ததும் ஆட்டைக் கசக்கி வாளியில் போட்டுவிட்டுக் கிளம்பினார். இப்படி அவர்கள் செய்வதைப் படம் எடுக்கவோ கண்காட்சி வைக்கவோ கூடாது. மறுபடியும் சொல்கிறேன், கண்காட்சி கூடாது.

களப்பயிற்சிக்கு வருகிறவர் வாரந்தோறும் அதே நாளில் வரவேண்டும். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும். பாதியில் விட்டுப் போவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

கல்லூரிகள் இதைக் கவனிக்கட்டும். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கிற தாய்மார்களே, அடுத்த முறை வள மையத்துக்குப் போகும்போது, "எங்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று அங்கே கேளுங்கள்.