கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்



மாதவிடாய் நின்றுபோகும் பருவத்தைப் பற்றி நம் இல்லங்களில் எவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் அதைக் குறிப்பிட்டுள்ளான். மணவிலக்குப் பெற்றவர்களுள் மாதவிடாய் அற்றுப்போனவர்களுக்கு இத்தா மூன்று மாதங்கள் என்று அத்தலாக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் வரையறுக்கிறது. வேதம் பேசிய ஒன்றை நாம் பேசக் கூசுவது முறையாகுமா?

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதிலிருந்து 55 வயதிற்குள் இந்நிலை ஏற்படுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே திடீரென உடல் தகித்தல், இரவில் வியர்த்தல், உறக்கமின்மை, படபடப்பு, எரிச்சல் ஆகியவை தோன்றலாம். பின்னர் எலும்புகளும் வலுவிழக்கின்றன. "வயதாக ஆகக் கோபம் கூடிவிட்டது" என்று மனைவியைக் குறை கூறுவோர், அவர் நிம்மதியாக உறங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டதுண்டா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் தம் குடும்பத்தாருக்குத் துணை நின்றார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. நின்றுபோன பின் மீண்டும் உதிரம் கண்டால், அது ஒரு துளியாயினும், மறைக்கக் கூடாது. பலருக்கு அதன் காரணம் சாதாரணமானதே. எனினும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். வெட்கத்தால் மறைத்தால் நோய் முற்றிவிடும்.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், தமக்கு உதிரம் நிற்காமல் வருவதை நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அது மாதவிடாயன்று, நரம்பிலிருந்து வருவது என விளக்கம் பெற்றார்கள். அவர்கள் வெட்கப்பட்டிருந்தால் உம்மத்திற்கு அச்சட்டம் எவ்வாறு கிடைத்திருக்கும்? தொழுகையைப் பற்றி ஆலிமிடம் கேளுங்கள். உடலைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நம் தல்லாகுளத்திற்கு அருகிலேயே அரசு இராஜாஜி மருத்துவமனை உள்ளது. அங்கு மகளிர் நல மருத்துவர்கள் இருக்கின்றனர். "என்னை அழைத்துச் செல்லுங்கள்" என்று அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், மனைவியிடமும் தாயிடமும் உடன்பிறந்தவளிடமும் உடல்நலம் விசாரியுங்கள். பதிலைப் பொறுமையுடன் கேளுங்கள்.

நம் இல்லத்துப் பெண்களுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தை நல்குவானாக! அவர்களுக்குரிய கடமையை நிறைவேற்ற நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.